பனியனின் மூட்டை

ஜான் பனியன் என்ற பெயரை எங்கள் ஊரில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். வேலம்பாளையத்தில் பனியன் என்றால் ஒன்றுதான். காலையில் எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர்கள் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களில் அந்த ஆங்கில ஆசிரியரின் பெயரை அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பன்யன் என்று திருத்தி எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தச் சிறு சந்தோஷமாவது இருக்கட்டும்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கும் ஒருவர் இருக்கிறார். நாற்பதை நெருங்குகிற வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பதினாறு வயதில் கைமடிக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரியும், படித்ததில்லை. படித்துவிட்டு வருகிறவர்களைவிட இவருடன் பேசுவது எனக்குச் சௌகரியமாகவே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை அவர் தம் போனையும் காதில் மாட்டும் குழாய்களையும் என்னிடம் கொடுத்து, “ஐயா, இதக் கேட்டுப் பாருங்க. மோட்சப் பிரயாணத்த அமெரிக்காக்காரன் பாட்டாப் போட்டிருக்கான்” என்றார். சபையில் கிடார் வாசிக்கும் பையன் ஒருவன் அவருக்கு அறிமுகப்படுத்தினானாம். ஆங்கிலம் அவருக்குப் பாதி புரியும். மீதிக் கதைதான் ஏற்கனவே தெரியுமே என்றார்.

நான் கிறிஸ்தவனல்ல, ராக் ஸங்கீதத்தில் பழக்கமும் இல்லை. அந்த இசையை ரஸிக்க வேண்டிய வயதில் நான் மதுரை மணியையும் ஜி. என். பி.யையும் கட்டிக்கொண்டு திரிந்தவன். ஆகவே இந்தக் கட்டுரையில் ஸங்கீதத்தைப் பற்றி நான் சொல்லுவதை வாசகர்கள் ஒரு வெளியாளின் அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கதையைப் பற்றிச் சொல்லுவதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் மூலக் கதை. ஜான் பனியன் 1628ல் இங்கிலாந்தில் பெட்பர்டு நகரத்துக்கு அருகில் பிறந்தவர். தொழில், ஊர் ஊராகப் போய்ப் பானை சட்டிகளை ஒக்கிட்டுக் கொடுப்பது. எங்களுக்குப் பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பிறந்திருந்தால் ஏதாவது ஒரு பாத்திரப் பட்டறையில் உட்கார்ந்து பித்தளை தட்டிக்கொண்டிருப்பார். அவருடையது என்று ஒரு பட்டடைக் கல்லை அந்த ஊரில் வைத்திருக்கிறார்கள். பெயரும் 1647 என்ற வருஷமும் பொறித்தது, அறுபது ராத்தல் எடை. அதைச் சுமந்துகொண்டு அலைந்த முதுகிலிருந்துதான் அவருடைய கதாநாயகன் முதுகில் ஒரு மூட்டை ஏறியது என்று சொல்லுகிறார்கள். நிரூபிக்க முடியாத விஷயம். ஆனாலும் நான் நம்புகிறேன். எழுதுகிறவனுக்கு மூட்டை எங்கிருந்தாவது கிடைத்துத்தானே ஆக வேண்டும்?

அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660ல் அவரைச் சிறையில் போட்டார்கள். இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை, பன்னிரண்டு வருஷம் இருந்தார். முதல் மனைவி இறந்து, இரண்டாம் மனைவி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் முதல் தாரத்துக் குழந்தைகள் நான்கு. மூத்த பெண் பிறவிக் குருடு. இளம் மனைவி நீதிபதிகள் முன் போய் நின்று, குழந்தைகளைக் காப்பாற்ற வழியில்லை, தயவு காட்டுங்கள் என்று கேட்டாள். காட்டவில்லை. பனியன் சிறையிலிருந்தபடியே காலணிக்கு நாடா பின்னி, நுனிக்குத் தகடு பூட்டி, வீட்டுக்குக் காசு அனுப்பினார். பீஸ் ரேட்டு வேலை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குருட்டுப் பெண் அவர் சிறையில் இருக்கும்போதே இறந்துபோயிற்று.

இந்த மனிதர் எழுதிய கதை 1678ல் வெளிவந்தது. ஒருவன் கனவு காண்கிறான். கனவில் ஒரு மனிதன் முதுகில் பெரிய மூட்டையோடு நிற்கிறான். தன் ஊர் எரிந்து போகப்போகிறது என்று ஒரு புத்தகத்தில் படிக்கிறான். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுகிறான். அவர்கள் இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். ஒரு நாள் அவன் ஓட ஆரம்பிக்கிறான். அவர்கள் பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, காதில் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிறான். பிறகு சேறு, குறுக்குவழி, சிலுவை, அசுரனோடு யுத்தம், மாயச்சந்தை, கடைசியில் ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் தங்க நகரம்.

காதில் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிற அந்த இடத்தை நான் கல்லூரியில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். பட்டினத்தார் போனார், சித்தார்த்தர் போனார். நமக்கு அது புதிதல்ல. ஆனால் நம் கதைகளில் போகிறவர் காதைப் பொத்திக்கொண்டதாக யாரும் எழுதவில்லை. காது கேட்டால் திரும்பிவிடுவான் என்று பனியனுக்குத் தெரிந்திருக்கிறது. சிறைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டை நினைத்தவனுக்கே அது தெரியும்.

தமிழில் இந்தக் கதைக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம் இருக்கிறது. உரைநடையில் ‘மோட்சப் பிரயாணம்’ தென் மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடி இருந்த புத்தகம். அதைக் காவியமாகவே ஆக்கியவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. 1827ல் கரையிருப்பில் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858ல் கிறிஸ்தவரானவர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ முதலில் ‘நற்போதகம்’ என்ற பத்திரிகையில் தொடராக வந்து, 1894ல் நூலாயிற்று. ஐந்து பருவம், மூவாயிரத்து எழுநூறுக்கு மேல் பாட்டு. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்லுவது வழக்கம். கம்பனைக் கரைத்துக் குடித்தவர் என்பது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியும். சில பக்கங்களில் கரைத்துக் குடித்ததுதான் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில் வாத்தியார் மறைந்துபோய்க் கவி நிற்கிறார். அதைப் படித்துவிட்டு அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இந்தப் பகுதி பனியனில் இந்த விரிவில் கிடையாது. பனியனுடைய யாத்திரிகன் சிலுவையின் முன் சில வரிகள்தான் நிற்கிறான். கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை.

காவியத்தின் நடுவே தேவாரம் என்று பெயரிட்டுப் பாடுவதற்கான பதிகங்களையும் அவர் வைத்திருக்கிறார். கதை நடந்துகொண்டே இருக்கும். சட்டென்று நின்று, யாத்திரிகன் உருகிப் பாடுவான். மறுபடி கதை நடக்கும். அவருக்கும் முந்தி, 1800ல் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ செய்துவிட்டார். குறத்தியும் சிங்கனும் கோயில் மண்டபத்திலிருந்து இறங்கி மாதாகோயிலுக்குள் போய் ஆடினார்கள். ஆகவே ஒரு கிறிஸ்தவ கோஷ்டி இலக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு தங்கள் காலத்து மெட்டில் பாடுகிறது என்றால் தமிழனுக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நாம் அந்தக் கடையைத் திறந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இனி அந்த ஆல்பம். பாடியவர் நீல் மோர்ஸ். ‘ஸ்பாக்ஸ் பியர்டு’ என்ற ராக் கோஷ்டியைத் தொடங்கி, நல்ல பெயர் எடுத்து, 2002ல் மதநம்பிக்கை காரணமாக அதை விட்டு விலகியவர். அவரும் ஒரு விதத்தில் காதில் விரலை விட்டுக்கொண்டவர்தான். பிறகு தம் மனமாற்றத்தைப் பற்றியும் மார்ட்டின் லூதரைப் பற்றியும் நீள நீளமான இசைத்தட்டுகள் செய்தார். ‘நீல் மோர்ஸ் பாண்டு’ என்ற பெயரில் ஐந்து பேர் சேர்ந்து 2016 நவம்பரில் வெளியிட்டது ‘தி ஸிமிலிட்யூட் ஆஃப் எ ட்ரீம்’. பனியனுடைய புத்தகத்தின் நீண்ட முழுத் தலைப்பில் வருகிற சொற்கள்தாம் இவை. இரண்டு தட்டு, இருபத்துமூன்று உருப்படி, ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷத்துக்குச் சற்று மேல். ஒரு கச்சேரியை உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்.

இலக்கியத்தை ராக் கோஷ்டிகள் தொடுவது புதிதல்ல. ஜூல்ஸ் வெர்னின் பூமிக்குள் போகும் கதையை ரிக் வேக்மன் 1974ல் செய்தார். போவின் கதைகளை ஆலன் பார்சன்ஸ் 1976ல் செய்தார். அவற்றில் கதை பெரும்பாலும் வாத்தியங்களுக்கு ஒரு சாக்கு. மோர்ஸுக்குச் சாக்கு வேண்டியதில்லை, கதையை நம்புகிறார். இது முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிகிறது. ஆரம்பத்தில் மெதுவாக ஒரு மெட்டு வருகிறது, நீண்ட பகல் என்று சொல்லிக்கொண்டு. அப்புறம் நீளமான பூர்வாங்கம். அதில் பின்னால் வரப்போகிற மெட்டுகள் எல்லாம் தலைகாட்டிவிட்டுப் போகின்றன. கதை நகர நகர, முன்பு கேட்ட மெட்டு வேறு வேகத்தில், வேறு வார்த்தையோடு திரும்பி வருகிறது. கடைசியில் அந்த நீண்ட பகல் மறுபடி வரும்போது அது அலுப்பாக இல்லை, வந்து சேர்ந்த களைப்பாக இருக்கிறது. யாத்திரைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது என்று தோன்றுகிறது. நடக்கிறவனுக்குப் பழைய இடம் மனசில் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும். உரைநடையில் இதைச் செய்ய நாவலாசிரியன் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆறு ஸ்வரத்தில் இவர்கள் செய்துவிடுகிறார்கள். பொறாமையாக இருந்தது.

இரும்புக் கூண்டில் அடைபட்டவன் என்ற உருப்படி மிகவும் நன்றாக இருக்கிறது. மூலத்தில் அது ஒரு சிறு காட்சி: இனி மீட்சியில்லை என்று தானே தீர்மானித்துக்கொண்டு கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவன். புத்தகத்தில் அவன் முணுமுணுக்கிறான். இங்கே கிடார் உறுமுகிறது. கூண்டின் கம்பி கேட்கிறது. சோம்பலைப் பற்றிய உருப்படியும் எனக்குப் பிடித்தது. அது மெதுவாக இருக்கிறது என்பதற்காகவே பிடித்ததோ என்னவோ.

ஏனென்றால், இந்தக் கோஷ்டியின் குறையே கெட்டிக்காரத்தனம்தான். மிருதங்கத்தில் தனியாவர்த்தனம் வாசிக்கும்போது சபை எழுந்து காபிக்குப் போகும். இவர்கள் போகவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறார்கள். மைக் போர்ட்னாய் டிரம்ஸில் அசகாய சூரர், எரிக் ஜில்லெட் கிடாரில் அப்படியே. ஆனால் யாத்திரிகன் சேற்றில் விழுகிற கட்டத்தை வாத்தியங்களின் கையில் விட்டிருக்கிறார்கள். விரல்கள் என்ன வேகம், என்ன சுத்தம்! சேற்றில் விழுந்தவன் கால் இவ்வளவு சுலபமாகவா எழும்பும்? பனியன் எழுதியபோது சேறு காலில் ஒட்டுகிறது. முதுகில் மூட்டை இருப்பதால் ஆள் இன்னும் அமிழ்கிறான். இவர்கள் மூட்டையைக் கரையில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனியனில் மூட்டை விழுகிற இடம் புத்தகத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. விழுந்த பிறகுதான் அசுரன், சந்தை, சந்தேகக் கோட்டை எல்லாம் வருகின்றன. பாரம் இறங்கிய பிறகும் தூரம் இருக்கிறது என்பதுதான் அந்தப் பாத்திரம் ஒக்கிடுகிறவர் கண்டுபிடித்த விஷயம். அதனால்தான் மதத்தில் பற்றில்லாதவனும் அவரைப் படிக்கிறான். இந்த இசையின் ஸ்வபாவம் உச்சத்தைத் தேடுவது. ஏறுகிறது, வெடிக்கிறது, மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு உச்சத்திலும் எல்லாம் முடிந்தாற்போல் ஆகிவிடுகிறது. பிறகு மறுபடி புறப்பட வேண்டியிருக்கிறது. உச்சத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே வெறுமனே நடக்கிற நேரத்தை இவர்கள் பொறுத்துக்கொள்வதில்லை. 1951ல் லண்டனில் மேடையேறிய வாகன் வில்லியம்ஸின் இசை நாடகத்துக்கு இதற்கு நேர்மாறான குறை. வெறும் நடைதான், நாடகம் இல்லை என்றார்கள். கதாநாயகன் பெயரைக்கூடக் கிறிஸ்தவன் என்று வைக்காமல் யாத்திரிகன் என்று மாற்றி, எல்லோருக்கும் பொதுவாக்கப் பார்த்தார் அவர். மோர்ஸுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அதை அவருடைய பலமாகவே சொல்லுவேன்.

இதையெல்லாம் அடுத்த சனிக்கிழமை நம்ம ஓவர்லாக்காரரிடம் சொன்னேன். பாதியில் நிறுத்தி, “ஐயா, இது முதல் தட்டு. எனக்கு இது அவ்வளவு இல்ல. அடுத்ததக் கேளுங்க” என்றார்.

அடுத்தது 2019 ஜனவரியில் வந்தது. ‘தி கிரேட் அட்வென்ச்சர்’. அதே ஐந்து பேர், அதுவும் இரண்டு தட்டு. பனியன் 1684ல் தம் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதினார். அதில் விட்டுவிட்டுப் போன மனைவி கிறிஸ்டியானா நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதே பாதையில் புறப்படுகிறாள். மோர்ஸ் அந்தப் பிள்ளைகளில் ஒருவனை எடுத்து, அவன் வாயால் கதையைச் சொல்லுகிறார். அப்பன் ஓடிப்போன வீட்டில், எரியப்போகிற ஊரில் விடப்பட்ட பையன். முதல் தட்டில் விடுதலையாகக் கேட்ட மெட்டுகள் இதில் வரும்போது பையனுக்கு அவை வேறு மாதிரி கேட்கின்றன. கெட்டிக்காரத்தனம் இதிலும் உண்டு. இருந்தாலும் கோபம் நிஜம். முதலாவதைவிட இது குறைந்தது என்று சொல்லுகிறவர்கள் இருக்கலாம். ஸங்கீதத்தில் அப்படித்தான் இருக்கும். கதையில் இதுதான் பெரியது.

அதைக் கேட்டு முடித்த பிறகுதான் அவர் தம் விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா ஊழியத்துக்கு என்று கிளம்பிப் போய்விட்டார். வடக்கே எங்கோ. வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். சில வருஷம் வரமாட்டார். கடிதத்தில் ஜெபம் இருக்கும், பணம் இருக்காது. இவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினார்.

“அப்பா நல்ல காரியத்துக்குத்தான் போனாவ. எனக்கு அது தெரியும். ஆனா ஐயா, அவுகளுக்கு நாங்க கூப்பிட்டது கேட்டுதா, கேக்கலையா? இந்தப் பாட்டுல அந்தப் பையன் அதத்தான் கேக்கான்.”

விமர்சகன் என்ற ஹோதாவில் இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் கதாசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்டேன்: “அம்மா என்ன செய்தார்கள்?”

“பீடி சுத்தினாவ.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்தோம். எதிர் சந்தில் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது.

எனக்கு இந்த இரண்டாம் ஆல்பத்தின் மேல் இருக்கிற குறை அங்கேதான் பிடிபட்டது. மகனை முன்னால் கொண்டுவந்ததில் மோர்ஸ் தாயைப் பின்னால் தள்ளிவிட்டார். பனியனின் இரண்டாம் பாகத்தில் நாயகி அவள்தான். அந்தப் புத்தகத்தை முதல் பாகம் அளவுக்கு யாரும் புகழ்வதில்லை. சண்டை குறைவு, பேச்சு ஜாஸ்தி, வழியில் கல்யாணம், விருந்து, பிள்ளைக்கு வயிற்றுவலி, மருந்து. ஆனால் ஒரு குடும்பம் யாத்திரை போனால் அப்படித்தான் இருக்கும். ஒருத்தன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் வேகமாகப் போகலாம். நான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவள் அவர்கள் காலுக்குத் தக்கபடிதான் நடக்க முடியும். கம்பனுடைய இராமன் புறப்பட்டபோது சீதையும் கூடவே வந்துவிட்டாள்; அதனால் கம்பனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. பனியனுக்கு இருந்தது. ஆறு வருஷம் பொறுத்துத் திரும்பிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நீதிபதிகள் முன்னால் போய் நின்ற தம் மனைவியை நினைத்து எழுதினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாவலாசிரியன் வேறு எதை நினைத்து எழுதுவான்?

இந்தத் தாயை ராக் ஸங்கீதத்தில் பாட முடியுமா என்பது சந்தேகம். அவளிடம் உச்சம் கிடையாது, கோபமும் கிடையாது. பையனிடம் கோபம் இருக்கிறது, கிடாருக்கு அது போதும். கிருஷ்ண பிள்ளை மாதிரி நடுவில் நிறுத்தி ஒரு பதிகம் பாடத் தெரிந்தவனுக்கு ஒருவேளை கைகூடலாம்.

ஓவர்லாக்காரரிடம், இரண்டாம் பாகத்தை உங்கள் அப்பா படித்திருக்கிறாரா என்று கேட்டு வாருங்கள் என்றேன். கிழவர் இப்போது ஊரில்தான், மகள் வீட்டில் இருக்கிறார். ‘மோட்சப் பிரயாண’த்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம். அடுத்த சனிக்கிழமை ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தார்.

“போன்ல கேட்டேன் ஐயா. ‘ரெண்டாம் பாகமுன்னு ஒண்ணு இருக்கா’ன்னாவ.”

என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதி. அது அந்தக் கிழவருக்கு உதவாது. நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லுவது, இவர் அதை ஞாயிற்றுக்கிழமை போனில் அவருக்குச் சொல்லுவது என்று ஏற்பாடு. கிறிஸ்டியானா வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிற இடம் வரைக்கும் வந்திருக்கிறோம். இன்று சனிக்கிழமை, ஷிப்டு எட்டரைக்கு முடியும்.